பெயர் மறைந்த வினாவும் வகுப்பறைச் சபையும்

விரிவுரையின் இறுதியில் ஆசிரியர் “சந்தேகம் ஏதேனும் உண்டா?” என்று வினவுவதும், மாணாக்கர் அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே தலை கவிழ்ந்திருப்பதும், அவ்வமைதியைத் தெளிவென்று கொண்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குச் செல்வதும் நம் கல்லூரிகளில் ஒரு நித்திய சடங்காகிவிட்டன. இராஜபாளையத்தை அடுத்த சோழபுரம் போன்ற ஊர்களிலிருந்து, 1973இல் தோன்றிய ராஜுக்கள் கல்லூரிக்கும், 1984இல் கிருஷ்ணன்கோவிலில் தொடங்கிப் பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலசலிங்கம் கல்லூரிக்கும், 2013இல் எழுந்த ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜிக்கும் பஸ் ஏறி வருகின்ற பிள்ளைகளுள், நூற்பாலையிலோ சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறியிலோ வயற்காட்டிலோ உழைப்போரின் மக்கள் பலர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை எட்டியவர் என்பதற்காக 2010-11 கல்வியாண்டு முதல் அரசு அளித்துவரும் கட்டணச் சலுகைக்கு உரியோரும் அவர்களுள் உண்டு. அக்கட்டணத்தை அரசு ஏற்றது. ஆனால் வகுப்பில் எழுந்து நின்று “எனக்கு விளங்கவில்லை” என்று சொல்வதற்குச் செலுத்த வேண்டிய கட்டணம் ஒன்று உண்டே, அதனை எவரும் ஏற்றிலர்.

இவ்வமைதிக்கு நம் மரபே காரணம் என்பாரும் உளர். குருவின்முன் வாய் திறவாமையே அடக்கம் என்று பழைய நூல்கள் பழக்கிவிட்டன என்பது அவர்தம் அபிப்பிராயம். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கன் ஆசிரியர்பால் அஞ்சி ஒழுகும் முறையை விரித்துரைப்பது மெய்யே. ஆயினும் அதே பாயிரம், வினாவுதலையும் வினாவியவற்றுக்கு விடை கூறுதலையும் நூல் பயிலும் நெறியின் அங்கங்களாக எண்ணுவதோடு, ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைகூடும், உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறையும் என்று கணக்கும் இடுகின்றது. அந்நூல் சொல்லதிகாரத்தில் வகுத்த ஆறு வினாக்களுள், அறிவினா என்பது விடை தெரிந்தவர் பிறரைச் சோதிக்கக் கேட்பது. வகுப்பறையில் அது ஆசிரியருக்கு உரியது. மாணாக்கருக்கு உரியவை அறியா வினாவும் ஐயவினாவுமே. இவ்விரண்டும் கேட்பவரின் குறையை வெளிப்படுத்துவன ஆதலின், சாட்சிகள் நிறைந்த சபையில் நாவிலேயே நின்றுவிடுகின்றன.

இச்சாட்சிகளிடமிருந்து கேட்பவரை மறைப்பதற்கே அண்மைக் காலத்தில் சில சாதனங்கள் தோன்றியுள்ளன. ஸ்லோவாக்கியாவில் 2012இல் பிறந்த ஸ்லைடோவும், ஸ்வீடனில் 2014இல் பிறந்த மென்டிமீட்டரும் இவ்வகையின. திரையில் தோன்றும் கியூ.ஆர். குறியைக் கைபேசியால் படித்து, பெயரிடாமல் வினாவைத் தட்டச்சு செய்யலாம்; அதே ஐயம் உடையோர் அவ்வினாவுக்கு வாக்களித்து அதனைப் பட்டியலில் மேலேற்றலாம். ஆயினும் நம் ஆராய்ச்சிக்கு அணுக்கமானது பியாஸா என்னும் சாதனம். அதனை உருவாக்கிய பூஜா சங்கர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற காலத்தில் உடன் பயின்ற ஆண் மாணவர்களிடம் ஐயம் கேட்க நாணி, அவர்கள் கூடி விவாதித்துத் தெளிந்தவற்றைத் தனித்திருந்து தேடியவர். பின்னர் ஸ்டான்போர்டில் வணிக நிர்வாகம் பயிலும்போது, 2009இல், அந்த அனுபவத்தையே மூலதனமாகக் கொண்டு இதனை அமைத்தார். அவரைத் தடுத்தது பேராசிரியர்மீதுள்ள அச்சம் அன்று, சக மாணாக்கர் முன் தோன்றிய லஜ்ஜையே என்பது இங்குக் கருதத்தக்கது. அதற்கேற்ப அச்சாதனத்தில் பெயரைச் சக மாணாக்கருக்கு மட்டும் மறைப்பதும், ஆசிரியருக்கும் சேர்த்து மறைப்பதும் இருவேறு நிலைகளாக வைக்கப்பட்டன. இவற்றுள் முன்னதே நம் வகுப்புகளுக்குத் தகும் என்பது என் துணிபு. எவர் எங்கே தடுமாறுகின்றார் என்று அறியும் உரிமையை ஆசிரியர் இழந்தால், தொடர்ந்து ஒரே இடத்தில் இடறுகின்ற பிள்ளையை அவர் தனியே அழைத்துத் தேற்றும் வழியும் அடைபட்டுவிடும்.

பெயரை மறைத்துவிட்டு ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கினால் பயன் பாதியே. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்றவருக்கு, விளங்காமையைக் காட்டிலும் அவ்விளங்காமையைப் பிழையற்ற ஆங்கில வாக்கியமாக்குவது கடினம். தமிழ் எழுத்திலோ, கைபேசியில் பழகிப்போன ரோமன் எழுத்துத் தமிழிலோ வினாவை ஏற்று, அதனை ஆசிரியர் உரக்க வாசித்து, கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் நிறுத்தி விடை கூறுவாராயின், வினவியவரின் கூச்சமும் நீங்கும், அவரது சொல்லும் சபையேறும்.

முகம் காட்டாத வினா கோழைமையை வளர்க்கும் என்று ஆட்சேபிப்பவர்க்கு நம் கல்வி வரலாறே விடை சொல்லும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வைணவ உரைகளைச் செவிமடுத்தோர் அறிவர்: வைணவ ஆசாரியரான நம்பிள்ளையின் திருவாய்மொழிப் பிரசங்கங்களை வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்த ஈடு என்னும் உரையில், நஞ்சீயர் தம் ஆசாரியரான பட்டரைக் கேட்டார் என்று பெயரோடு வரும் வினாக்களும் உண்டு, “என்னில்” என்று யாரோ ஒருவர் கேட்பதாகக் கொண்டு எழுப்பிய வினாக்களும் உண்டு; பின்னவற்றின் விடைக்கு அதனால் மதிப்புக் குறைந்ததில்லை. கடந்த நூற்றாண்டில் பெரியார், சபையோர் துண்டுச்சீட்டில் எழுதியனுப்பிய வினாக்களுக்கு மேடையிலேயே விடையளித்தார். கைபேசிக்குத் தடையுள்ள வகுப்பில் அச்சீட்டும் ஒரு பெட்டியும் போதும். வாக்கெடுப்பு ஒன்றே குறையும். விஷமமும் பரிகாசமும் புகாவோ எனின், புகும். திரையில் ஏறுமுன் ஆசிரியர் வடிகட்டும் வசதி ஸ்லைடோவிலேயே உண்டு.

எனக்கு உண்மையில் கவலை தருவது அவ்வாக்கெடுப்பே. பெரும்பான்மை வாக்குப் பெற்றதற்கு முதலில் விடை கூறுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் வகுப்பில் பாதிப்பேர் ஆமோதித்த வினாவுக்கு இரண்டு நிமிட விடை போதாது, அது விரிவுரை தவறிய இடத்தைக் காட்டுவது ஆகையால், மறுநாள் வேறு வழியில் அப்பாடத்தையே மீண்டும் நடத்துதல் வேண்டும். அன்றைய இறுதி நிமிடங்கள் பட்டியலின் அடியில் ஒற்றை வாக்கோடு கிடக்கின்ற வினாக்களுக்கு உரியவை. அவற்றுள் சில பேதைமையாகவும் இருக்கும், சில ஆசிரியரையே நூலகத்துக்கு அனுப்பும். அவற்றுக்கு ஆசிரியரே விரைந்து விடை கூறிவிடாமல், மாணாக்கருள் ஒருவரை எழுந்து சொல்ல விடுவாராயின், வினா பெயரின்றியும் விடை பெயரோடும் நிகழும். நன்னூலார் கூறிய அந்த அரைப்பங்குக்கும் வகுப்பிலேயே இடம் கிடைக்கும். கேட்டவரே சற்றுச் சிந்தித்துத் தெளிந்து எழுந்து விடை கூறினும் சபை அதனை அறியப் போவதில்லை.