மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுப் பணி ஒதுக்கீடும் அரசின் பொறுப்பும்

இந்தியாவில் மத்திய, மாநில அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் ஒதுக்குவது அரசின் சட்டக் கடமை. இன்றைய குறைந்தபட்ச அளவு 4 விழுக்காடு. 1977இல் மத்திய அரசின் ஆணையாகத் தொடங்கிய இந்த ஒதுக்கீடு, 1995லும் 2016லும் நாடாளுமன்றச் சட்டங்களாக உருப்பெற்றது. ஆனால் சட்டப் பிரிவுகளை மட்டும் படித்தால் இதன் வரலாற்றில் பாதிதான் தெரியும். ஒதுக்கிய இடத்தை நிரப்பாத துறையை யார் கேட்பது என்பதே மீதிப் பாதி. அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் வேலை கிடைக்காமல் போனவர்களும் அவர்களுடைய சங்கங்களும்தான்.

1977ஆம் ஆண்டு ஆணை ‘சி’, ‘டி’ பிரிவுப் பணிகளோடு நின்றது. பார்வையற்றோர், செவித்திறன் குறைந்தோர், கை கால் இயக்கக் குறைபாடு உள்ளோர் ஆகிய மூவகையினருக்கும் தலா 1 விழுக்காடு கிடைத்தது. உயர் பதவிகள் எட்டாதவையாகவே இருந்தன. பார்வையற்றோர் குடிமைப் பணித் தேர்வைப் பிரெய்லியிலோ, சொல்வதை எழுதும் உதவியாளரைக் கொண்டோ எழுதலாம் என்பதற்கே, தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போய் 1993இல் தீர்ப்புப் பெற வேண்டியிருந்தது.

ஊனமுற்றோர் அமைப்புகளின் போராட்டத்துக்குப் பிறகு 1995 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 33ஆம் பிரிவு, 3 விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீட்டை எல்லா நிலைப் பணிகளுக்கும் விரித்தது. நிரம்பாத இடங்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றது 36ஆம் பிரிவு. ஆனால் எந்தெந்தப் பணியிடங்கள் பொருத்தமானவை என்று அரசு முதலில் அடையாளம் காண வேண்டும் என்று 32ஆம் பிரிவு சொன்னது. சட்டம் சிக்கிக்கொண்டது இங்கேதான். பட்டியல் தயாராகும்வரை ஒதுக்கீடு கிடையாது என்று மத்திய அரசே வாதிட்டது. ரவி பிரகாஷ் குப்தா வழக்கில் 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. பட்டியல் போடும் கடமையில் அரசு தவறிவிட்டு, அந்தத் தவறையே காட்டி உரிமையை மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதைவிட நுட்பமான தடை கணக்கிடும் முறையில் இருந்தது. 2005 டிசம்பர் 29 நாளிட்ட மத்திய அரசின் அலுவலகக் குறிப்பாணை, ‘சி’, ‘டி’ பிரிவுகளுக்கு மொத்தக் காலியிடங்களை அடிப்படையாக வைத்தது. ‘ஏ’, ‘பி’ பிரிவுகளுக்கோ அடையாளம் காணப்பட்ட பணிகளின் காலியிடங்களை மட்டுமே எண்ணியது. ஒரு துறையில் 100 காலியிடங்கள் இருந்து, அவற்றில் 20 மட்டுமே பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் கணக்கிட்டால் 3 பேருக்கு வேலை. பட்டியலில் கணக்கிட்டால் ஒருவருக்கும் உறுதியில்லை. சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் உரிமையைச் சுருக்கிவிட்ட இந்தக் குறிப்பாணை, இவ்வரலாற்றில் அதிகம் கவனிக்க வேண்டிய ஆவணம்.

அதை எதிர்த்த வழக்கில் 2013 அக்டோபர் 8 அன்று தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி ப.சதாசிவம் தலைமையிலான அமர்வு, எல்லாப் பிரிவுகளிலும் மொத்தக் காலியிடங்களின்படியே கணக்கிட வேண்டும் என்றது. ஒதுக்கீட்டுக்கான 50 விழுக்காட்டு உச்சவரம்பு இதற்குப் பொருந்தாது என்றும் தெளிவுபடுத்தியது. காலியிடங்களை மூன்று மாதங்களுக்குள் கணக்கிட்டு நிரப்ப உத்தரவிட்டது. ஒதுக்கீட்டைப் பின்பற்றாவிட்டால் பொறுப்பு அலுவலர் மீது துறை நடவடிக்கை எடுக்கப்படும் என்று எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தவும் சொன்னது. அதுவரை ‘அரசு’ என்ற பெயருக்குள் மறைந்திருந்த தவறு, கையெழுத்திடும் அலுவலரின் தவறாகவும் ஆனது.

2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தீர்ப்பின் வழியிலேயே நடந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் உள்ள அதன் 34ஆம் பிரிவு, பணித்தொகுதியின் மொத்தக் காலியிடங்களில் 4 விழுக்காடு என்று எழுதிவைத்தது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கும் சேர்த்து நான்காவது விழுக்காடு. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 100 இடங்கள் கொண்ட சுழற்சிப் பதிவேட்டில் 1, 26, 51, 76 ஆகிய எண்கள் மாற்றுத்திறனாளிகளுக்குரியவை என்று 2018 ஜனவரியில் மத்திய அரசு வகுத்தது. பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016லும் 2020லும் 2021லும் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகே, அதற்கான மத்திய அரசின் விரிவான நெறிமுறை 2022 மே மாதம் வெளிவந்தது. தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயம் இல்லை. பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க ஊக்கச் சலுகை என்பதோடு சரி.

மேற்பார்வை ஏற்பாடுகள் இன்னும் பலவீனமானவை. மத்தியில் தலைமை ஆணையரும் மாநிலங்களில் ஆணையர்களும் புகார்களை விசாரிக்கிறார்கள். ஆனால் அவர்களால் பரிந்துரைக்கத்தான் முடியும். பரிந்துரையை ஏற்காத துறை, காரணத்தை மூன்று மாதங்களுக்குள் தெரிவித்தால் போதும். சட்டத்தை முதல்முறை மீறுவோருக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை. அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரை. ஒரு பெரிய துறையைப் பணியவைக்க இந்தத் தொகை போதாது. அதனால் கடைசிக் கதவு இன்றும் நீதிமன்றமாகவே இருக்கிறது.

அதன் விலை என்ன என்பதை 2024 ஜூலை 8ஆம் நாள் தீர்ப்பு காட்டுகிறது. 2008ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வை எழுதிய, முழுமையாகப் பார்வையிழந்த ஒருவருக்குப் பணி மறுக்கப்பட்டது. நிர்வாகத் தீர்ப்பாயம், தில்லி உயர் நீதிமன்றம் இரண்டிலும் அவர் பக்கம் தீர்ப்பாகியும் மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1995 சட்டத்தை உரிய காலத்தில் நிறைவேற்றுவதில் அரசு பெருந்தவறு இழைத்ததாகக் கண்டித்த உச்ச நீதிமன்றம், நிரப்பாமல் விட்ட பின்னடைவுக் காலியிடங்களில் அவரையும் மேலும் 10 பேரையும் மூன்று மாதங்களுக்குள் நியமிக்கப் பரிசீலிக்குமாறு உத்தரவிட்டது. கடந்துபோன ஆண்டுகள் ஓய்வூதியப் பயன்களுக்கு மட்டும் கணக்கில் சேரும். அந்த ஆண்டுகளுக்குரிய சம்பள நிலுவையும் பணிமூப்பும் அவர்களுக்குக் கிடையாது.