மலேசியாவில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் விசாரணை உரிமைகள்

குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமைகளைக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதி சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறது. அவற்றுக்கு உருவம் தந்தவை தீர்ப்புகளே. நீதிமன்றம் தந்ததை நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தால் குறைப்பதும், பின்னர் நீதிமன்றமே அதை மீட்பதும் இவ்வரலாற்றில் பலமுறை நடந்துள்ளன.

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கைதாகிறவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேசலாம். இவ்வுரிமை கைதானதுமே தொடங்கினாலும், உடனே அதைப் பயன்படுத்த முடியாது என்று 1975இல் ஊய் ஆ புவா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. வழக்கறிஞர் மிகவும் தேவைப்படுவது அந்த முதல் மணி நேரங்களில்தான். 2007இல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் இக்குறையை ஓரளவே போக்கியது.

ஒரு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றும் அதிகாரத்தை அரசு வழக்கறிஞரிடம் ஒப்படைத்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 418ஏ பிரிவு செல்லாது என்று 1987இல் யாப் பெங் வழக்கில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மறு ஆண்டே அரசியலமைப்பின் 121ஆம் விதி திருத்தப்பட்டு, நீதி அதிகாரம் பற்றிய சொற்கள் நீக்கப்பட்டன.

நிரூபிக்கும் சுமை பற்றிய போராட்டமே மிக நீண்டது. அரசு தரப்பு தன் சாட்சியத்தை முடிக்கும் கட்டத்திலேயே குற்றத்தை ஐயமற நிரூபித்திருக்க வேண்டும் என்றது அருள்பிரகாசன் வழக்கின் தீர்ப்பு. அதன் சூடு ஆறுமுன், முகாந்திரம் இருந்தாலே போதும் என்ற திருத்தம் 1997 ஜனவரி 31இல் நடப்புக்கு வந்தது. தற்காப்பு வாதம் புரிய உத்தரவிடப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறி உறுதிமொழியுடன் பேசலாம், குற்றவாளிக் கூண்டிலிருந்தே வாக்குமூலம் தரலாம், மௌனமாகவும் இருக்கலாம். மௌனம் காத்தாலும் தண்டிக்கும் அளவுக்கு வலுவான சாட்சியமே முகாந்திரம் ஆகும் என்று பாலச்சந்திரன் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் விளக்கியது. திருத்தத்தின் கடுமையை இவ்விளக்கம் பெரிதும் தணித்தது.

போதைப்பொருள் வழக்குகளிலும் இதே கதைதான். பொருளை வைத்திருந்தார் என்ற அனுமானத்தின்மீது, கடத்தினார் என்ற இன்னோர் அனுமானத்தை ஏற்றக்கூடாது என்று 1998இல் முகமது ஹசான் வழக்கு தடுத்தது. 2014இல் போதைப்பொருள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 37ஏ பிரிவு அதை அனுமதித்தது. அன்று கடத்தலுக்குத் தண்டனை கட்டாயத் தூக்காகவே இருந்தது. ஓர் உயிரை ஊகத்தின்மேல் ஊகம் வைத்துப் பறிப்பது நியாயமாகாது. 2019 ஏப்ரல் 5இல் அல்மா நூடோ வழக்கில், தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலான்ஜூம் தலைமையிலான ஒன்பது நீதிபதிகள் 37ஏ அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தனர். மேல்முறையீடு செய்த இரு பெண்களின் தூக்குத் தண்டனை நீங்கி, போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்கான சிறைத்தண்டனையாக மாறியது.