கொடைக்கானல் ஏரி மீன்களில் பாதரசம்

கொடைக்கானலில் 1983 முதல் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஏரிவரை பரவியது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு அவ்வூரின் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய இரும்புக் கடையில் குவிந்துகிடந்தது 2001 மார்ச்சில் அம்பலமானது. ஆலையை நடத்திய இந்துஸ்தான் லீவர் நிறுவனம் அதை மூடியது. பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஏரியின் நீர், வண்டல், மீன் மூன்றிலும் பாதரசம் தென்பட்டது.

வண்டலிலுள்ள பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கும். பாசி, புழு, சிறுமீன் எனப் படிப்படியாகச் செறிவு ஏறுவதால், பிற மீன்களைத் தின்னும் விராலில் கெண்டையைவிடக் கூடுதலாகச் சேரும். அது தங்குமிடம் மீனின் தசை, எனவே மஞ்சள் போட்டு உரசிக் கழுவினாலும், புளிக்குழம்பில் கொதித்தாலும் போகாது. இத்தகைய மீனைக் கர்ப்பிணி உண்டால், கருவிலுள்ள குழந்தையின் மூளைக்கே ஆபத்து அதிகம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி மெத்தில் பாதரச வரம்பு கிலோவுக்கு 0.25 மில்லிகிராம்.