தாது

மாட்டுத்தீவன மூட்டையில் 'தாது உப்புக் கலவை'. அதே கடைச்சுவரில் 'தாது புஷ்டி லேகியம்' விளம்பரம். முன்னது பசுவுக்கு, பின்னது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சமஸ்கிருதத்தில் 'தா' என்றால் வைத்தல், இடுதல். அதிலிருந்து வந்த தாது, ஒன்றுக்கு அடியில் இடப்பட்ட மூலப்பொருள். ஆயுர்வேதத்தில் ரசம், ரத்தம் தொடங்கி சுக்கிலம் வரை உடலைத் தாங்கும் ஏழும் தாதுக்கள். லேகியக்காரர் கடைசி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்! இலக்கணக்காரர் பாணினியின் மரபினருக்குத் தாது என்பது வினைவேர். 'தாதுபாடம்' என்பது அவற்றின் பட்டியல். பௌத்தர்களுக்கோ புத்தரின் எஞ்சிய எலும்பும் பல்லும். அதை உள்ளே வைத்த 'தாதுகர்ப்பம்'தான் சிங்களத்தில் 'தாகப' ஆயிற்று. லாவோஸின் வியஞ்சானில் உள்ள பெரிய தூபிக்கு 'தாட் லுவாங்' என்று பெயர்; அந்தத் 'தாட்' நம் தாதுவே. தாய்லாந்து மாணவன் வேதியியல் தனிமங்களையும் இதே சொல்லால்தான் படிக்கிறான். சங்கப் புலவர்களுக்குத் தாது என்றால் பூந்துகள், வண்டு தேடி வருவது. சாணப்பொடியையும் 'தாதெரு' என்றார்கள். அறுபது ஆண்டுகளில் பத்தாவதும் தாது. 1876-78 பஞ்சம் அந்தப் பெயரில்தான் நினைவில் நிற்கிறது. வடசொல் வேண்டாம் என்பவர்கள் தாதுவை நீக்கிக் 'கனிமம்' என்று எழுதச் சொல்கிறார்கள். சுரங்கத்துக்குச் சரி, எழுதலாம். ஆனால் அதன் 'கனி'யும் சுரங்கத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததே. பூவுக்கு மட்டும், மகரந்தத்தைவிடப் பூந்தாதே எனக்குப் பிடிக்கும்.