சாட்ஸ்வர்த்: நீர்ப்படியும் கண்ணாடி வீடும்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது சாட்ஸ்வர்த் மாளிகை. 1549ல் சர் வில்லியம் கேவென்டிஷ் இந்த நிலத்தை 600 பவுண்டுக்கு வாங்கினார். அவருடைய மனைவி பெஸ்ஸுக்கு டெர்பிஷயர் பிறந்த மண். அதன் பிறகு கேவென்டிஷ் குடும்பம் அங்கேயே வேரூன்றிவிட்டது. தோட்டம் மட்டும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஒரு தலைமுறை ஆசையாகப் போட்டதை இன்னொன்று அழித்துவிடும்.

பிற்காலத்தில் டியூக் பட்டம் பெற்ற அக்குடும்பத்தின் முதல் டியூக் பிரெஞ்சுப் பாணியில், கோடு கிழித்தாற்போன்ற பாத்திகளை அமைத்தார். 1696ல் கிரில்லே என்ற பிரெஞ்சுக்காரர் மலைச்சரிவில் நீர்ப்படிகளைக் கட்டினார். சில ஆண்டுகளில் அவை இன்னும் பெரிதாக்கப்பட்டன. மொத்தம் 24 படித்தொகுதிகள். ஒன்றின் அமைப்பு மற்றொன்றுக்கு இல்லாததால் தண்ணீரின் ஓசையும் இடத்துக்கு இடம் மாறும். நான்காம் டியூக் காலத்தில் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்ற தோட்டக்கலைஞர் வந்து பாத்திகளில் பெரும்பாலானவற்றைப் புல்வெளி ஆக்கினார். மனிதக் கை பட்டதே தெரியக் கூடாது என்பது அக்காலத்து நாகரிகம். நல்லவேளை, நீர்ப்படிகள் தப்பின.

1826ல் ஆறாம் டியூக் தலைமைத் தோட்டக்காரராக அமர்த்திய ஜோசப் பாக்ஸ்டனுக்கு அப்போது 23 வயதுகூட ஆகவில்லை. அவர் கட்டிய பெருங்கண்ணாடி வீடு 277 அடி நீளம். வெப்பநாட்டுச் செடிகள் அதற்குள் வளர்ந்தன. ஆர்க்கிட் தேடி ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரர் மேகாலயாவின் காசி மலைகள் வரை அனுப்பப்பட்டார். 1849ல் அமேசான் பேரல்லி சாட்ஸ்வர்த்தில் பூத்தது. அதன் இலை பாக்ஸ்டனின் சிறு மகளை நிற்க வைத்தும் அமிழவில்லை. இலையின் அடிப்புற நரம்புகளைக் கவனித்த பாக்ஸ்டன், 1851 லண்டன் கண்காட்சிக்குப் ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்ற கண்ணாடி மாளிகை கட்டியபோது அந்த அமைப்பைப் பயன்படுத்திக்கொண்டார்.

இவை எல்லாவற்றையும்விட நெடுந்தூரம் போனது ஒரு குட்டை வாழை. 1835ல் சாட்ஸ்வர்த்தில் பூத்த அதற்குக் குடும்பப் பெயரே சூட்டப்பட்டது. சில ஆண்டுகளில் பாதிரியார் ஒருவர் அதன் கன்றுகளைச் சமோவாவுக்குக் கொண்டுபோனார். இன்று தேனி மாவட்டத்தில் ‘ஜி9’ என்று பயிராவதும் கேவென்டிஷ் வகைதான்.

1844ல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வரக்கூடும் என்று, மேட்டில் ஏரி வெட்டி, புவியீர்ப்பிலேயே இயங்கும் நீரூற்று ஒன்றை பாக்ஸ்டன் அவசர அவசரமாக அமைத்தார். தண்ணீர் 296 அடி வரை எழும்பியது. பேரரசர்தான் வரவில்லை. வந்தவர்கள் சாதாரண மக்கள்: 1849ல் ரயில் பக்கத்து ரௌஸ்லியை எட்டியதும் அந்த ஆண்டு சுமார் 80,000 பேர் பார்த்துப் போனார்கள்.

முதல் உலகப் போரில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் கண்ணாடி வீட்டுக்குச் சூடேற்ற வழியில்லாமல் செடிகள் மடிந்தன. 1920ல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் இப்போது யூ மரச் செடிகளாலான புதிர்வழி இருக்கிறது.

பத்தாம் டியூக் சொத்தை மகன் பெயருக்கு மாற்றியிருந்தார். வரிவிலக்குக்கு ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். 14 வாரம் மிச்சமிருக்கையில், 1950ல் அவர் இறந்தார். சொத்து மதிப்பில் 80 விழுக்காடு வாரிசு வரியாக விதிக்கப்பட்டது. நிலங்களும் ஓவியங்களும் கைமாறின. பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகையும் குடும்பத்தை விட்டுப் போயிற்று. 1981ல் சாட்ஸ்வர்த்தைப் பராமரிக்க அறக்கட்டளை ஒன்று அமைந்தது. பார்வையாளர்களின் நுழைவுக் கட்டணம் அதன் வருமானங்களில் ஒன்று. மாளிகையில் வசிக்கும் குடும்பம் கட்டும் வாடகை இன்னொன்று.