சுருங்க மறுக்கும் இயற்கை

பெரியதொன்றைச் செய்யப் புகுமுன் அதன் சிறிய வடிவத்தைச் செய்து பார்த்தல் மாந்தர்க்கு நெடுங்காலப் பழக்கமாகும். எகிப்து நாட்டில் மெக்கெத்ரே என்னும் அரசு அலுவலரின் கல்லறையில் 1920ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மர உருவங்கள் ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையுடையவை. அடுமனை, நெசவுக் கூடம், மாட்டுக் கொட்டில், படகு ஆகிய யாவும் அங்கே சிறிய அளவில், ஆட்களோடு, வண்ணம் பூசப்பெற்றுக் காணப்பட்டன. மறுமையில் பயன்படட்டும் என்று வைக்கப்பட்ட பொருள்கள் அவை. ஆதலின் அவை மெய்யாகவே இயங்குமா என்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. மாதிரி உருவத்தை இம்மைக்கு நம்பும்போதுதான் சிக்கல் எழுகின்றது. அவ்வாறு நம்பிய நகரம் ஒன்றுண்டு. அந்நிகழ்ச்சியை உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டில் தாம் எழுதிய கட்டடக் கலை நூலின் பத்தாவதும் இறுதியுமான பகுதியில் கூறியுள்ளார்.

ரோட்ஸ் தீவின் நகர்க்காவலுக்குரிய கட்டடக் கலைஞராக டயக்னேட்டஸ் என்பவர் இருந்தார். அவருக்கு ஆண்டுதோறும் நகர மக்கள் ஒரு தொகை வழங்கி வந்தனர். அங்ஙனமிருக்கையில், பினீசியக் கரையை அடுத்த அராதஸ் தீவிலிருந்து காலியாஸ் என்னும் ஒருவர் வந்து பொதுமக்கள் முன்னிலையில் சொற்பொழிவாற்றினார். தாம் கொண்டுவந்த மாதிரியையும் காட்டினார். அதில் நகர மதில் ஒன்றும், அதன்மேல் சுழலும் பாரந்தூக்கி ஒன்றும் இருந்தன. மதிலை நெருங்கி வரும் முற்றுகைக் கோபுரத்தை அப்பாரந்தூக்கி பற்றித் தூக்கி, மதிலுக்கு உட்புறமாக இறக்கி வைத்தது. கண்டோர் வியந்தனர்; டயக்னேட்டசுக்குரிய தொகையைப் பறித்துக் காலியாசுக்கு வழங்கினர்.

கி.மு. 305ஆம் ஆண்டு டெமெட்ரியஸ் மன்னன் ரோட்ஸ் நகரை முற்றுகையிட்டான். ஏதென்சு நகரத்து எபிமாக்கஸ் அவனுக்காக ஒரு முற்றுகைக் கோபுரத்தைக் கட்டினார். அதன் உயரம் 125 அடி. அகலம் 60 அடி. எடையோ 3,60,000 உரோம இராத்தல் என்பது விட்ருவியஸ் தரும் கணக்கு. மயிர்க் கம்பளமும் பச்சைத் தோலும் போர்த்தப்பட்ட அக்கோபுரம் சக்கரங்களின்மீது மதிலை நோக்கி நகர்ந்தது. மக்கள் காலியாசை அழைத்து, காட்டியதைச் செய்க என்றனர். இயலாது என்பதே அவருடைய விடையாக இருந்தது.

பின்னர் மக்கள் டயக்னேட்டசிடம் சென்று மன்றாடினர். இழிவுபடுத்தப்பட்ட அவர் முதலில் மறுத்தார். நற்குடிப் பிறந்த சிறுவர் சிறுமியரும் குருமாரும் வந்து வேண்டிய பின்னரே இணங்கினார். கோபுரத்தைக் கைப்பற்றினால் அது தமக்கே உரியதாதல் வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தார். கோபுரம் வரவிருந்த திசையில் மதிலைத் துளைத்து, நகரத்தார் அனைவரும் தத்தம் வீட்டு நீரையும் கழிவையும் சேற்றையும் அவ்வழியே இரவு முழுதும் வெளியே ஊற்றுமாறு பணித்தார். மறுநாள் கோபுரம் சேற்றில் அழுந்தி, முன்னும் நகராமல் பின்னும் நகராமல் நின்றது. டெமெட்ரியஸ் தன் கப்பற்படையுடன் திரும்பிச் சென்றான்.

காலியாஸ் ஏமாற்றுக்காரரா? அவருடைய மாதிரி மெய்யாகவே இயங்கியது. பார்த்தவர் கண்ணும் பழுதுடையதன்று. விட்ருவியஸ் இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குகின்றார். துளைக்கும் ஊசி கொண்டு விரற்பருமன் துளையிடலாம். ஒன்றரை விரற்பருமனும் இடலாம். அதே முறையில் உள்ளங்கை அகலத் துளையிடுதல் இயலாது. அரை அடி அகலத்தை எண்ணிப் பார்க்கவும் முடியாது. சில பொருள்கள் சிறிய அளவில் இயங்குவது போலவே பெரிய அளவிலும் இயங்குகின்றன. வேறு சில, பெரிதாக்கத் தொடங்கியதும் பொய்த்துப் போகின்றன. ஏன் என்பதை அவர் கூறவில்லை. அதற்கு உலகம் மேலும் பதினாறு நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1638ஆம் ஆண்டு லைடன் நகரில் அச்சேறிய தமது இறுதிப் பெருநூலில் கலிலியோ அக்காரணத்தை எடுத்துரைத்தார். ஒரு பொருளின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் அதன் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும்; எடையோ எட்டு மடங்காகும். கயிற்றின் வலிமையும் தூணின் வலிமையும் குறுக்குப் பரப்பைச் சார்ந்தவை. காலியாசின் மாதிரி மெய்யளவில் இருபதில் ஒரு பங்கு இருந்ததெனக் கொள்வோம். அதனை மெய்யளவிற்குப் பெருக்கினால் பாரந்தூக்கியின் வலிமை 400 மடங்கு உயரும். தூக்க வேண்டிய சுமை 8000 மடங்கு உயரும். மாதிரியிலே ஒரு பங்கு இழுவிசையைத் தாங்கிய கயிறு, மெய்யான கருவியிலே இருபது பங்கினைத் தாங்க வேண்டும். உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய இக்கணக்கு ரோட்ஸ் நகரத்தார்க்குத் தெரிந்திருக்குமாயின் டயக்னேட்டசின் தொகை பறிபோயிராது.

நீளம் சுருங்குகின்றது, எடை வேறு விகிதத்தில் சுருங்குகின்றது, புவியீர்ப்போ சுருங்குவதே இல்லை. காற்றும் ஒளியும் நீர்த்துளியும் மரத்தின் நாரும் அவ்வாறே. மாதிரி செய்யும் கலையின் வரலாற்றை உற்று நோக்கின், சுருங்க மறுக்கும் இப்பொருள்களோடு கைவினைஞர் நடத்திய போராட்டமே அதன் பெரும்பகுதி என்பது விளங்கும்.

புளோரன்சு நகரப் பேராலயத்தின் குவிமாடத்திற்காக 1418ஆம் ஆண்டு போட்டி அறிவிக்கப்பட்டபோது, புருனெலெஸ்கி செங்கல்லையே கொண்டு மாதிரி கட்டினார்; அதுவும் அடியிலிருந்து தாங்கும் மரச்சாரம் இன்றிக் கட்டினார். மெய்யான பொருளையும் மெய்யான முறையையும் ஆண்டமையால் அவருடைய மாதிரி கட்டும் வழியையே சோதித்தது. 1420இல் தொடங்கிய பணி 1436இல் நிறைவெய்தியது. வேலையாட்களுக்குக் கல்லின் வெட்டு முறையைக் காட்டக் கிழங்குகளைச் செதுக்கிக் கொடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர் குறிப்பிடுகின்றார். கற்பித்தல் துணைக்கருவிக்குப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஆல்பெர்ட்டி, கட்டடக் கலை பற்றிய தமது நூலில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மாதிரிக்கு வண்ணமும் பொன்முலாமும் பூசிக் காட்டுவோர் பார்ப்பவர் கண்ணை மயக்கி, ஆராய வேண்டிய கூறுகளிலிருந்து கருத்தைத் திருப்பி விடுகின்றனர். மாதிரி எளிமையாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் கட்டடத்திற்குப் பொருள் தருவோர் கட்டடக் கலைஞர் அல்லரே! இலண்டன் பெருந்தீயில் அழிந்த தூய பவுல் பேராலயத்தை மீண்டும் எழுப்புவதற்காகக் கிறிஸ்டோபர் ரென் 1673-74ஆம் ஆண்டுகளில் கருவாலி மரத்தால் ஒரு பெரிய மாதிரியைச் செய்வித்தார். நீளம் 6 மீட்டருக்கும் மேல்; செலவு ஏறத்தாழ 600 பவுன். அத்தொகைக்கு அந்நாளில் இலண்டனில் ஒரு நல்ல வீடே வாங்கலாம். உட்புறத்தையும் கண்மட்டத்தில் நோக்கலாம் என்னுமாறு அது அமைந்திருந்தது. அவ்வளவு நேர்த்தி இருந்தும் திருச்சபையார் அவ்வமைப்பை ஏற்கவில்லை. அதன்பின் ரென் தம் திட்டங்களுக்கு மாதிரி செய்து பொதுவில் காட்டுவதையே விட்டொழித்தார். அந்த மாதிரி இன்றும் அப்பேராலயத்திலேயே காக்கப்பட்டு வருகின்றது. அதன்படி கட்டப்படாத கட்டடத்திற்கு உள்ளேயே!

அக்காலத்தே ஆங்கிலக் கடற்படைக்கெனச் செய்யப்பட்ட கப்பல் மாதிரிகளும் குறிப்பிடத்தக்கவை. அவை பெரும்பாலும் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவின. அதாவது கால் அங்குலம் ஓர் அடியைக் குறிக்கும். அவ்வளவில் ஓர் அங்குல மரநார் வரி நாலடி அகலத்திற்குத் தோன்றும். கப்பல் கட்டும் கருவாலி மரத்தின் பருத்த நாரோட்டம் மாதிரியில் பார்ப்பவர் கண்ணை உறுத்தும். ஆகவே நுண்ணிய நாருடைய பாக்ஸ் மரத்தையும் பேரி மரத்தையும் கைவினைஞர் தேர்ந்தெடுத்தனர். மரம் வளரும் முறையை மாற்ற இயலாது. மரத்தை மாற்ற இயலும்.

கப்பலின் வடிவத்தோடு அதன் ஓட்டத்தையும் மாதிரியில் அளக்க முற்பட்டவர் வில்லியம் புரூட். 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்க்கீ நகரில், தம் இல்லத்தின் அருகே 278 அடி நீளமுள்ள நீர்த்தொட்டி அமைத்து, மெழுகால் செய்த கப்பல் மாதிரிகளை அதில் இழுத்துச் சோதித்தார். கப்பல் எழுப்பும் அலையும் மாதிரி எழுப்பும் அலையும் ஒத்த வடிவுடையனவாக வேண்டுமெனில், வேகத்தை நீளத்தின் விகிதத்திற் குறைத்தல் தவறு. நீளத்தின் வர்க்கமூல விகிதத்திலேயே குறைத்தல் வேண்டும் என்று அவர் நிறுவினார். இருபத்தைந்தில் ஒரு பங்கு மாதிரி, 15 கடல்மைல் வேகக் கப்பலைக் காட்ட வேண்டுமாயின் 3 கடல்மைல் வேகத்தில் செல்லுதல் வேண்டும். இயற்கையைச் சுருக்க இயலாத இடத்து, அதனோடு கணக்கால் உடன்படிக்கை செய்து கொள்ளலாம் என்று முதன்முதலில் தெளிவாகக் காட்டியது இம்முயற்சி எனலாம். ஸ்பெயின் நாட்டு ஆண்டனி கவுடி இதற்கு வேறொரு வழி கண்டார். கயிறுகளில் ஈயக்குண்டு நிறைந்த சிறு பைகளைத் தொங்கவிட்டு, கயிறு தானே எடுத்துக்கொள்ளும் வளைவைத் தலைகீழாக்கித் தேவாலயத்தின் வளைவுகளை வகுத்தார். தொங்கும் வளைவு அளவுக்கேற்ப மாறுவதில்லை. ஆகவே மாதிரி அவரிடம் பொய் பேசவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மாதிரிக்குப் புதியதொரு களம் கிடைத்தது. அதுவே திரைப்படம். இங்கு நோக்கம் தலைகீழானது. ஆல்பெர்ட்டி அஞ்சிய கண்மயக்கமே இங்கு வேண்டப்படுவது. ஆனால் இடர்கள் பழையவையே. இருபது மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் கல் தரையை அடைய ஏறத்தாழ 2 நொடி ஆகும். அதன் இருபத்தைந்தில் ஒரு பங்கான 80 சென்டிமீட்டர் மாதிரியிலிருந்து விழும் கல் 0.4 நொடியில் தரையைத் தொடும். பார்ப்பவர் உடனே அது பொம்மை வீடு என்று கண்டுகொள்வர். எனவே நொடிக்கு 24 படங்கள் என்னும் வழக்கத்தை விடுத்து, ஐந்து மடங்காக 120 படங்கள் எடுத்து, இயல்பான வேகத்தில் ஓட்டுவர். இருபத்தைந்தின் வர்க்கமூலம் ஐந்து. புரூட் தொட்டியில் கண்ட அதே கணக்கு! 1954ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த கோட்சில்லா படத்திற்காகச் சுபுராயா எய்ஜியின் குழுவினர் தோக்கியோ நகரை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டி, விரைவோட்டக் கருவியாற் படம் பிடித்தனர். நீருக்கு மட்டும் இம்மருந்து முழுதும் பலிப்பதில்லை. துளியின் பருமனை நீரின் மேற்பரப்பு இழுவிசையே வரையறுப்பதால், மாதிரிக் கப்பலின்மேல் தெறிக்கும் துளி மனிதத் தலை அளவுக்குத் தோன்றும். நீர்க் காட்சிகளுக்கு மிகப் பெரிய மாதிரிகள் செய்யப்படுவது இதனாலேயே.

ஒளியமைப்பு இதனினும் நுட்பமானது. கதிரவன் ஒன்றே, நிழலும் ஒன்றே. மாதிரியின்மீது இரண்டு விளக்குகளின் நிழல் விழுமாயின் எவ்வளவு சிறந்த வேலைப்பாடும் வீணாகும். மேலும், அருகிலுள்ள பொருளைப் படமெடுக்கையில் ஒளிவில்லை ஒரு சிறு ஆழத்தையே தெளிவாகக் காட்டும். முன்னும் பின்னும் மங்கும். அம்மங்கலே பொருள் சிறியது என்பதைக் காட்டிக் கொடுக்கும். அதைத் தவிர்க்க வில்லையின் துளையை மிகச் சிறிதாக்க வேண்டும். துளை சிறிதாயின் மிகுந்த ஒளி வேண்டும், அல்லது ஒவ்வொரு படத்திற்கும் நெடுநேரம் வேண்டும். 1968இல் வெளிவந்த '2001: விண்வெளிப் பயணம்' படத்தில் ஸ்டான்லி குப்ரிக்கின் குழுவினர் இரண்டாம் வழியைக் கைக்கொண்டனர். ஏறத்தாழ 54 அடி நீள விண்கல மாதிரியை, ஒரு பக்கத்திலிருந்து வரும் கடுமையான ஒளியில் வைத்து, மிகமிக மெதுவாகப் படம் பிடித்தனர். விண்வெளியிற் காற்றில்லை, ஆகவே நிழல் கத்தியால் அறுத்தாற்போல் இருத்தல் வேண்டும்.

மண்ணுலகக் காட்சிக்கு இது நேர்மாறு. தொலைவிலுள்ள மலை நீலமாகவும் மங்கலாகவும் தோன்றுவதற்கு இடையிலுள்ள காற்றே காரணம். பத்தடி நீள மேசையின்மேல் அத்தனை காற்றில்லை. 1982ஆம் ஆண்டின் 'பிளேட் ரன்னர்' படத்தில் டக்ளஸ் டிரம்புல் குழுவினர் கூடம் முழுவதும் புகை நிரப்பி அக்குறையை ஈடு செய்தனர். அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளால் தொலைதூர ஆலைகளின் உருவங்களை வெட்டி வரிசையாக நிறுத்தி, ஒளியிழைகளின் நுனிகளால் ஆயிரக்கணக்கான விளக்குப் புள்ளிகளை அமைத்தனர். சாதாரண மின்குமிழை வைத்திருந்தால் ஒவ்வொரு விளக்கும் ஒரு வீட்டளவு தோன்றியிருக்கும்.

இறுதி மெருகிலும் இதே முறைதான். மெய்யான ஊர்தியின் வண்ணத்தையே மாதிரிக்குப் பூசினால் அது மிகக் கருத்துத் தோன்றும்; தொலைவின் வெளிறல் அதில் இல்லை. எனவே சிறிது வெண்மை கலந்து பூசுவர். பளபளப்பு ஆகாது; மெழுகிட்டாற்போல் மின்னுவது பொம்மை. நீர்த்த கரிய வண்ணத்தை மேலே ஓடவிட்டு, மேடுகளைத் துடைத்துவிட்டால், இடுக்குகளில் அது தங்கி நிழலாய் நிற்கும். பின்னர் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர் வண்ணத்தை விளிம்புகளில் தொட்டால் தேய்மானம் தெரியும். அரைத்த வண்ணச் சுண்ணத்தூளைத் தூவினால் புழுதி படியும். மெய்யுலகில் ஆண்டுகள் பல செய்யும் வேலையை இங்கே ஒரு பிற்பகல் செய்துவிடுகின்றது.

பள்ளிக் கண்காட்சிகளில் மாணவர் அட்டையால் வீடு கட்டி உள்ளே விளக்கிடும்போது, சுவர் முழுவதும் சிவந்து ஒளிர்வதைக் காணலாம். அட்டையின் பருமன் சுருங்கியது. ஒளியின் ஊடுருவல் சுருங்கவில்லை. உட்சுவருக்கு முதலில் கருவண்ணம் இருமுறை பூசி, அது உலர்ந்தபின் அதன்மேல் வெள்ளை பூசி, மூலைகளின் இடைவெளியைக் கருந்தாள் ஒட்டி அடைத்து, சாளரங்களுக்கு மெல்லிய எண்ணெய்த்தாள் இட்டு, சூடேறாத சிறிய ஒளியுமிழ் விளக்கினைச் சாளரத்திற்கு நேராக வைக்காமல் கூரையின் உட்புறத்தில் பொருத்தினால், வெளிச்சம் சாளரத்தின் வழியே மட்டும் வரும்.