கணக்கேடு விழுங்கிய நினைவகம்



ஒருவர் திறந்த இணையப்பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்கும் வழங்கும் ‘ஸ்குவிட்’ பதிலி வழங்கி, அமெரிக்காவின் ஹார்வெஸ்ட் ஆய்வுத்திட்டத்திலிருந்து 1996இல் டுவேன் வெசல்ஸ் முயற்சியால் கிளைத்தது. மெதுவான ஓர் இணைப்பை வகுப்பே பகிர்ந்த 2000களில், ஈப்போவில் எங்கள் கணினிக்கூடத்திற்கும் அதுவே துணை. ஆயினும் அது அடிக்கடி திணறியதால் பிள்ளைகளின் பாடவேளை வீணாயிற்று. கணினியின் நினைவகம் 256 மெகாபைட். ‘கேஷ் மெம்’ வரம்பு 32 மட்டுமே. பின் ஏன் திணறல்?

அவ்வரம்பு முழு மென்பொருளுக்கும் உரியதன்று. தோட்டத்துக் கிடங்கு பெருகினால் கிராணியாரின் கணக்கேடும் தடிக்குமன்றோ? வன்தட்டில் சேமிக்கும் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும், அக்காலக் கணினிகளில் ஏறத்தாழ 10 மெகாபைட் நினைவகம் பட்டியலுக்கே செல்லும். எங்கள் சேமிப்போ 20 கிகாபைட்! அதனை 5 ஆகக் குறைத்தோம், திணறல் நின்றது.

மறையாக்க இணைப்புகள் பெருகிய இந்நாளில் அத்தகு வழங்கியின் பயன் குறைந்துவிட்டது. பாடம் குறையவில்லை: வரம்பை நம்புமுன், அது எதற்குரிய வரம்பென அறிவோம்.